சடக்கு ஓரம் நின்ற குரல்

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருவர்தான், யாரென்று சொல்ல மாட்டேன், பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டி, "அண்ணே, அந்தப் பாட்டுல சடக்கு சடக்குன்னு ஒரு அடி ஓடுதே, அது எந்த சாம்பிள்ணே? எங்க தேடியும் கிடைக்கல லா" என்று கேட்டார். மேடையில் அப்போது அந்தப் பாட்டுதான் முழங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

கிடைக்காது தம்பி. பாட்டில் ஒட்டுவதற்கென்று விற்கிற ஒலித்துண்டு இல்லை அது, எந்தக் கடையிலும், எந்த இணையதளத்திலும் கிடைக்காது. அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஆனால் தட்டில் கோழி வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நீங்களே கூப்பிட்டு நாற்காலி போட்டு, "புதுசா தொழிலுக்கு வந்தவங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்கண்ணே" என்கிறீர்கள். மெட்டுப் போடுவதையும் மைக் வைப்பதையும் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஒரு வாரம் எடுத்த வேலையை நீங்கள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுகிறீர்கள். அதனால் அந்தச் சடக்கு சடக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது, பாருங்கள் கையை!

முதலில் என் ஒலிப்பதிவுக் கூடம். அதைக் கூடம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை. கீழே காலை பசியாறும் நேரம் முழுக்க ரொட்டி சானாய் மாவைக் கல்லில் அடிக்கிற சத்தம், டொப், டொப் என்று தரை வழியாக ஏறி மைக்குக்குள் வந்துவிடும். ஆரம்பத்தில் தெரியாமல் ஒரு சோகப் பாட்டைக் காலையில் பதிவு செய்துவிட்டேன். 'என்னை விட்டுப் போனாயே' என்று பாடகர் உருகுகிறார், டொப்! 'எங்கே இனிக் காண்பேன்', டொப்! கடைக்காரர் பாய் அதைக் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லா இருக்கு, நம்ம ரொட்டிதான் கொஞ்சம் வேகமாப் போயிருச்சு" என்றார். அன்றிலிருந்து பதிவெல்லாம் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகுதான்.

அந்த அறையில் என்னைவிட அதிகம் பாடியவர் குமுதா. கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நாளில் பழைய காடியை, அதான் காரை, ஓட்டிக்கொண்டு ஈப்போ வருவார், எனக்கு டிராக் பாடிக் கொடுப்பார். டிராக் என்றால் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இங்கே இன்றைக்குத்தான் வந்திருக்கும் இரண்டு பேருக்காகச் சொல்கிறேன். பெரிய பாடகர் வந்து கேட்டுப் பழகிக்கொள்வதற்காக, அவருக்கு முன்னால் இன்னொருவர் முழுப் பாட்டையும் பாடிவைப்பது. பெரியவர் வந்து பாடியதும் அந்தக் குரலை அழித்துவிடுவோம். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை இழுப்பது, எங்கே சிரிப்பது என்று எல்லாவற்றையும் குமுதா கண்டுபிடித்து வைப்பார். பெரியவர் வந்து அதை அப்படியே எடுத்துக்கொண்டு போவார். பெயர் அவருக்கு. ஒன்பது வருடம் இப்படி. ஒரு தடவைகூட குமுதா முகம் சுளித்ததில்லை. அதையே நான் சாக்காக வைத்துக்கொண்டேன். சுளிக்கவில்லையே, அப்புறம் என்ன?

ஒரு நாள் டிராக் முடிந்து இரண்டு பேரும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தோம். பேச்சுவாக்கில் குமுதா தன் பதினாறாவது வயதுக் கதையைச் சொன்னார். தாப்பா பக்கம் அவர் பெற்றோர் வேலை பார்த்த தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. ரப்பர் மரமெல்லாம் சாய்த்தாகிவிட்டது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்ன நாளில் எல்லாரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு சடக்கில் வந்து நின்றார்கள். சடக்கு என்றால் ரோடுதான். தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வோம், நான் பிறந்த சுங்கை சிப்புட் பக்கத்திலும் அதே சொல்தான்.

"லாரி வருது வருதுன்னாங்கண்ணே, வரவே இல்ல. காலைலேர்ந்து சடக்கு ஓரத்துல நிக்கிறோம். அம்மா என் கையில ஒரு கோழியக் குடுத்துட்டாங்க. அதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். பாத்தா, சடக்குக்கு அந்தப் பக்கம் மேல் லயத்துப் பையன் ஒருத்தன் நிக்கிறான். அவனுங்களுக்கு வேற லாரி. என்னப் பாத்துச் சிரிக்கிறான்."

"நீ என்ன பண்ணுன?"

"நானா? கோழிய அமுக்கிப் புடிச்சேன். அது கத்துது. அவன் இன்னும் சிரிக்கிறான். இப்படியே சாயந்திரம் வரைக்கும்! அப்புறம் ரெண்டு லாரியும் வந்துச்சு, அவன் அந்தப் பக்கம் போனான், நான் இந்தப் பக்கம் போனேன். அவ்வளவுதான் லா என் காதல் கதை." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். கையைக் கழுவினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, சம்பல் விரலோடு கீபோர்டைத் தொட்டேன். பத்து நிமிடம்!

சடக்கு ஓரம் நிக்கிறேன்
சாமான் கட்டி நிக்கிறேன்
அந்தப் பக்கம் நீ நிக்கிற
எந்தப் பக்கம் போவப்போற?

அழுகைப் பாட்டு இல்லை, துள்ளல் பாட்டு. சொல்லிப் பாருங்கள், சடக்கு, சடக்கு. அந்தச் சொல்லிலேயே தாளம் இருக்கிறது. நடுவில் 'டக்' என்று விழுகிறதல்லவா, அங்கேதான் கால் தானாகத் தரையைத் தட்டும். பாட்டின் கடைசியில் குமுதா கைதட்டிக்கொண்டே "சடக்கு சடக்கு சடக்கு" என்று சும்மா விளையாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதையும் பதிவில் விட்டுவைத்தேன்.

வழக்கம்போல் ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு, "யாருண்ணே பாடப்போறாங்க?" என்று கேட்டார். "நீதான். இந்தக் குரலை அழிக்க மாட்டேன். இது உன் பாட்டு" என்றேன். அவர் நம்பவில்லை. சத்தியமாகவா என்று மூன்று தடவை கேட்டார். சத்தியம் என்றேன். அன்றைக்கு மாடிப்படியில் அவர் இறங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, இரண்டிரண்டு படியாக. ஆக, விஷயம் இவ்வளவுதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரல் அந்தப் பாட்டில் இருக்குமா, இருக்காதா?

பாட்டைச் சென்னையில் ஓர் இசை நிறுவனத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முப்பது வருடமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தத் தடவை திங்கட்கிழமை காலையிலேயே நிர்வாகி போன் செய்தார்.

"சார், பாட்டு வேற லெவல் சார்! வர்ற வெள்ளிக்கிழமையே ரிலீஸ் பண்றோம். மிக்ஸிங் நம்ம பையன் பண்ணிடுவான். ஒரே ஒரு சின்ன மேட்டர். சடக்கு ஓரம்னு வருதே, அது என்ன? சடக்குன்னு நிக்கிறேன்னு இருக்கணுமோ? தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்லைங்க, சடக்குன்னா..."

"எதுவா இருந்தாலும் இங்க புரியாது சார். சாலை ஓரம்னு மாத்திக் குடுத்துடுங்க. மீட்டருக்கு உக்காருது பாருங்க, சாலை ஓரம்!"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரு நாள் டைம் குடுங்க, பாடுறவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது "சரி சார்". அதுவும் எப்படி, எழுந்து நின்று சொன்னேன்! போனில் பேசுகிறவர் என்னைப் பார்க்கிறாரா என்ன? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

செவ்வாய் மத்தியானம் குமுதா வேலை முடிந்து நேராக வந்தார். தாளில் 'சாலை' என்று திருத்தி வைத்திருந்தேன். படித்தார், மைக் முன்னால் போய் நின்றார். பாடினார். விழவில்லை. மறுபடி பாடினார். 'சா' என்று வாய் அகன்று நீள்கிறது, 'லை' என்று வழுக்கிக்கொண்டு போகிறது. கால் தட்ட இடமே இல்லை. முப்பது தடவைக்கு மேல் எடுத்தோம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் என் மேல்தான், ஆனால் பாய்ந்தது அவர் மேல்.

"ஒரே ஒரு வார்த்தைதானே குமுதா! இத்தன வருஷமாப் பாடுற, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரமா?"

குமுதா ஹெட்போனைக் கழற்றினார். "வாய்ல ஒட்ட மாட்டேங்குதுண்ணே. நான் என்ன பண்றது? நான் சாலைல நிக்கல. கோழியப் புடிச்சிக்கிட்டு சடக்குலதான் நின்னேன்."

"சென்னையில புரியாதுன்றாங்கம்மா."

"அப்ப புரியிற மாதிரி பாடுறவங்கள வச்சுப் பாடிக்கச் சொல்லுங்க. டிராக் பாடத்தானே வந்தேன்? பாடியாச்சு." பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒவ்வொரு படியாக.

பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. வெள்ளிக்கிழமை என் கண்ணை மறைத்தது. நிர்வாகியைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நோ ப்ராப்ளம் சார், இங்க ஒரு பொண்ணு ரெடியா இருக்கு. ஒரு மணி நேர வேலை" என்றார். அதற்கும் சரி என்றேன். தாராள மனசு எனக்கு, சரி சரி என்று வாரி வழங்கிக்கொண்டே இருந்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்குப் பாட்டு வந்தது. சாயந்திரத்துக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். மோசமாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அடேங்கப்பா, அப்படியொரு பாட்டு! அந்தப் பெண்ணின் குரல் தேன். 'சாலை ஓரம்' என்று அவள் இழுக்கிற இழுப்பே தனி. பாஸ் வந்து நெஞ்சில் இடிக்கிறது. அதெல்லாம் பரவாயில்லை, அடியில் ஒரு தாளம் ஓடுகிறது பாருங்கள், நாற்காலியில் உட்காரவிடவில்லை என்னை. எழுந்து ஆடினேன், நானும் முட்டை அட்டையும் மட்டும் இருந்த அறையில்! முப்பது வருடம் அந்த வாசலில் நின்றவன், கதவு திறந்துவிட்டது, ஆட மாட்டேனா?

இரண்டாம் தடவை கேட்டேன். அந்தத் தாளம் என்ன வாத்தியம் என்று பிடிபடவில்லை. பறையா? மரக்கட்டையா? மூன்றாம் தடவை மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் உற்றுக் கேட்டேன்.

டக்கு. டக்கு. சடக்கு. சடக்கு.

குமுதா.

வாத்தியமே இல்லை அது. கடைசியில் அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனாரே, அந்தச் சொல்லை மிக்ஸிங் பையன் துண்டு துண்டாக நறுக்கி, பாட்டு முழுக்க அடுக்கிவிட்டிருந்தான். சொல்லாக இருந்தபோது வேண்டாம் என்று தூக்கிப் போட்ட அதே சடக்கை, சத்தமாக ஆக்கி வைத்துக்கொண்டார்கள். யாருடைய குரலை அழித்தோமோ, அந்தக் குரலின் மேல்தான் மொத்தப் பாட்டும் நின்றது. இன்னொருத்தி காதலைப் பாட, குமுதா அடியில் மத்தளமாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, மேசையில் தலையை வைத்து அழுதேன். ஒன்பது வருடமாக நானும் இதைத்தானே செய்தேன். அவர் கண்டுபிடித்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு அவரை மட்டும் அழித்தேன். சென்னைக்காரப் பையனாவது தெரியாமல் செய்தான்.

அவனுக்குத்தான் முதலில் போன் போட்டேன். அன்றைக்கு முன் அவனோடு பேசியதில்லை. நல்ல பையன், உற்சாகமாகத்தான் எடுத்தான்.

"சார்! கேட்டீங்களா? அந்த சடக்கு எஃபெக்ட் செம ஐடியா சார். வாயிலயே பண்ணியிருக்காங்க. நான் அப்படியே லூப் போட்டேன். பாட்ட தூக்கிருச்சு!"

"தம்பி, அது எஃபெக்ட் இல்ல. அது வார்த்தை."

"என்ன வார்த்தை?"

"சடக்குன்னா ரோடுப்பா. எங்க ஊர்ல ரோட்ட அப்படித்தான் சொல்லுவோம். அந்தம்மா அந்த ரோட்டு ஓரத்துலதான் நின்னாங்க. அந்தப் பாட்டே அவங்க கதைதான்."

"ரோடா சார்?" என்றான். "அய்யய்யோ, நான் ரோட்ட எடுத்து டிரம்மாக்கிட்டேனா?" சிரிக்கிறானா வருத்தப்படுகிறானா என்று தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. "நான் சொன்னா கேக்க மாட்டாங்க சார். மேல பேசுங்க."

மேலே பேசினேன். நிர்வாகி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், டைம் இல்ல. இந்த வெர்ஷன் ஓக்கேன்னா கையெழுத்து, இல்லன்னா விட்டுடலாம்" என்றார். நானும், "அப்ப விட்டுடுங்க சார்" என்றேன். இந்தத் தடவையும் எழுந்து நின்றுதான் சொன்னேன். பெரிய வீரன் மாதிரி இருந்தது எனக்கு. கீழே போய்த் தே தாரிக் குடித்துவிட்டு, குமுதாவின் இடைவேளை நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் சந்தோஷப்படுவார், ஏன், அழுதேவிடுவார் என்று நினைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், மத்தளக் கதையையும் சேர்த்து. கடைசியில், "உனக்காக நிறுத்திட்டேன்மா" என்றேன்.

"என்னக் கேட்டீங்களா?" என்றார் குமுதா.

"என்னது?"

"சாலைன்னு மாத்த சரின்னு சொன்னப்பவும் என்னக் கேக்கல. இப்ப வேணாம்னு சொன்னப்பவும் என்னக் கேக்கல. வேற யாரோ பாடுனாலும் பாட்டு வெளிய வந்திருக்கும்ல? என் கதை வந்திருக்கும்ல? இப்ப அதுவும் இல்ல. என்னண்ணே நீங்க! என் பாட்டு என் பாட்டுன்னு சத்தியம் பண்ணீங்க. ரெண்டு தடவையும் உங்க பாட்டு மாதிரிதானே முடிவு பண்ணீங்க?"

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடியில் முடிவெடுப்பதைப் பற்றிப் பலரும் பலதும் சொல்வார்கள், தைரியமாக எடு, வேகமாக எடு என்று. நான் அந்த வாரத்தில் ஒரு கோழை முடிவும் ஒரு தைரியமான முடிவும் எடுத்தேன். இரண்டுமே ஒரே தப்பு. பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தார், அவரைக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் இல்லாத அவசரம் இந்தத் தொழிலில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"தப்புதான் குமுதா" என்றேன். "இப்பக் கேக்குறேன். என்ன பண்ணலாம்?"

தொழிற்சாலை இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, "ஞாயித்துக்கிழமை தாப்பா மண்டபத்துல எங்க தோட்டத்து ஆளுங்க ஒன்றுகூடல் இருக்கு. பாட ஆள் கேட்டாங்க, நான் மாட்டேன்னுட்டேன். இப்பப் பாடுறேன். கீபோர்டத் தூக்கிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் தாப்பா. மண்டபம் நிறையக் கூட்டம், ஒருவரும் மேடைப் பக்கம் திரும்பவில்லை. இலையில் சாப்பாடு, எல்லாருக்கும் பேச வருடக் கணக்கில் கதை. அறிவிப்பாளர், "அடுத்து நம்ம குமுதா ஒரு பழைய பாட்டுப் பாடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவரும் சாப்பிடப் போய்விட்டார். குமுதாவின் கணவர், கூச்ச சுபாவம் உள்ள மனிதர், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அவர் ஒருத்தர்தான் எங்களைப் பார்த்தார்.

"பழைய பாட்டு இல்ல, புதுசு" என்றார் குமுதா மைக்கில். "நாம எல்லாரும் சாமானக் கட்டிக்கிட்டு நின்னோமே, அந்தப் பாட்டு." வாத்தியமே இல்லாமல், வெறும் வாயால், கைதட்டி ஆரம்பித்தார். சடக்கு, சடக்கு, சடக்கு. நான் அப்புறம்தான் கீபோர்டைத் தொட்டேன்.

சடக்கு ஓரம் நிக்கிறேன்
சாமான் கட்டி நிக்கிறேன்

சோற்றில் கைவைத்தவர்கள் அப்படியே திரும்பினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார் பாருங்கள், "லாரி வந்துச்சா?"

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பட்டாளம் பெண்கள் ஒரே குரலில், "வரல!"

மண்டபமே சிரித்தது. குமுதா பாட்டை நிறுத்தவில்லை, அந்தச் சிரிப்பையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார். அடுத்த சுற்று வந்ததும் அந்த இடத்தில் வேண்டுமென்றே இடம் விட்டார். இப்போது பாதி மண்டபம் கேட்டது, "லாரி வந்துச்சா?" மீதி மண்டபம் சொன்னது, "வரல!" நான் கீபோர்டில் எதை வாசித்தேன் என்று கேட்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து மேடைக்கு முன்னால் ஆடினார்கள். அவர்கள் யாரும் தோட்டத்தைப் பார்த்ததில்லை, சடக்கு என்றால் ரோடு என்பதும் தெரியாது. ஒரு சிறுமி தன் தம்பிக்கு, "சடக்குன்னா இப்படிக் கால வைக்கணும் டா" என்று காட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்தவர்களுக்கு அது ரோடு, தெரியாதவர்களுக்கு அது தாளம். இரண்டு கூட்டமும் ஆடியது! சென்னைக்காரப் பையன் காதில் விழுந்ததும் தப்பில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

'அந்தப் பக்கம் நீ நிக்கிற' என்று குமுதா பாடியதும் பெண்கள் விடவில்லை. "யாரு டி அவன்? பேரச் சொல்லு!" குமுதா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எல்லாருடைய கண்ணும் முன்வரிசையில் நின்ற கணவரிடம் போனது. அந்தக் கூச்ச சுபாவி, கைப்பேசியை இறக்காமலே, "நான் இல்ல லா! நான் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்க்காரன்!" என்று அலறினார். அவ்வளவுதான், சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போனது.

அந்தக் காணொளியைத்தான் நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். குமுதாவின் கணவர் அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே உறவினர்களுக்கு அனுப்பினார், அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். நான் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினேன், மிக்ஸிங் பையனுக்கு. திங்கட்கிழமை காலை அவனே கூப்பிட்டான்.

"சார், எத்தனை தடவை பார்த்தேன்னு தெரியல. கம்பெனிக்கு இல்ல சார், என் வீட்ல உக்காந்து நானே பண்ணித் தரேன். அவங்க குரலோட, சடக்கோட. லாரி வந்துச்சா, வரலயும் உள்ள இருக்கணும். ஆனா ஒண்ணு சார், நான் போட்ட அந்த அடி..."

"அது இருக்கட்டுமான்னு கேக்குறியா?"

"ஆமா சார்."

"என்னக் கேக்காத" என்றேன். குமுதாவின் எண்ணைக் கொடுத்தேன்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசினார்களாம், பாதி நேரம் கோழியைப் பற்றி. அந்த அடி இருக்கட்டும் என்று குமுதா சொல்லிவிட்டார். பாட்டு தயாரானதும் ஈப்போவிலிருந்து நாங்களே வெளியிட்டோம். அதற்கு முதல் நாள் குமுதா மாடிக்கு வந்தார். கணினி முன்னால் உட்கார்ந்து, பாட்டுக்குக் கீழே போட வேண்டிய பெயர்களை நான் தட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக நானாகவே போட்டுவிடுவேன். இந்தத் தடவை கையை எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"குமுதா, உன் பேரை எங்க போடணும்? நீயே சொல்லு."

ஒன்பது வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. குமுதா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே பாய் கடையில் அன்றைக்கு எதற்கோ மத்தியானமே மாவை அடித்துக்கொண்டிருந்தார்கள், டொப், டொப் என்று.

"பாடுனது நான்" என்றார். "அடியில சடக்கு சடக்குன்னு அடிச்சதும் நான்தானேண்ணே? ரெண்டுலயும் போடுங்க."

போட்டேன். பாட்டுக்குக் கீழே இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நீங்கள் யாரும் திரையை அதுவரை இறக்கிப் பார்ப்பதில்லை, அதனால்தான் கல்யாண வீட்டில் தட்டோடு நிற்கிறவனைப் பிடித்து எந்த சாம்பிள் என்று கேட்கிறீர்கள். குரல்: குமுதா. தாளம்: குமுதா.